இரண்டு அ, இரண்டு ஆ

ஒப்பந்தம் பதினான்கு பக்கம்.
திருச்சிக்கு ஒன்று, ஹாலேவுக்கு ஒன்று.
இரண்டும் ஆங்கிலத்தில்,
இருவருக்கும் சொந்தமில்லாத மொழி என்பதால்
சண்டை வரவில்லை.
ஏழாம் விதி சொல்கிறது:
மாதிரிகள் பகிரப்படும்.
மாதிரி என்பது
நாற்பத்தெட்டுப் புளியங்கொட்டை.

சுங்கத்தில் பதினொரு நாள் கிடந்தன.
சமையலுக்கா என்று கேட்டார்களாம்.
தூக்கத்துக்கு என்று எழுதிக் கொடுத்தார் கெஸீனே.
அதிகாரிக்கு என்ன புரிந்ததோ,
முத்திரை விழுந்தது.

இப்போது நிலவறையில் சாண் உயரக் கன்றுகள்.
முதல் இரண்டு வாரம் திருச்சி வெயில் காட்டினோம்,
விளக்கில்தான்.
அங்கே விடியும்போது இங்கே சுவிட்ச்.
பிறகு அணைத்துவிட்டோம்.
இன்று இருட்டில் மூன்றாம் நாள்.
யாரும் சொல்லாமல் இலை விரிக்குமா,
விரித்தால் எத்தனை மணிக்கு?
இந்த ஒரு கேள்விக்கு
மூன்றாண்டு நிதி உண்டு.

இரவுப் பணி எனக்கு.
இது அக்டோபரின் கடைசி ஞாயிறு என்பதை
அட்டவணை போட்டவர் கவனிக்கவில்லை,
நானும்தான்.
வெளியே சாலே நதி.
சாலேக் கரையோரம் நடந்து வந்தேன் என்றால்
ஜமீலா போனில் சிரிப்பாள்:
எந்தச் சாலைடி, பைபாஸா?
கடைசி டிராம் போய்விட்டது.
அகச்சிவப்புக் கேமராவின் திரையில்
சாம்பல் நிறத்தில் தூங்கின கன்றுகள்,
சிற்றிலைகள் ஜோடி ஜோடியாய் ஒட்டி.

இரண்டு முப்பத்தெட்டு.
ஒன்பதாம் தொட்டியில் ஓர் அசைவு.
இரண்டு நாற்பது. நுனி பிரிந்தது.
இரண்டு நாற்பத்தாறு. ஏறக்குறைய எல்லாம்.
திருச்சியில் அப்போது ஆறேகால்.
விடியலுக்குப் பத்துப் பதினைந்து நிமிடம் பிந்தி,
விடியலையே பார்க்காமல்.
எழுதினேன்.
கை கொஞ்சம் நடுங்கியது,
குளிர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்று மணி ஆகவேண்டிய இடத்தில்
சுவரின் சிவப்பு எண்கள் இரண்டு என்றன.
கணினியும் இரண்டு.
போனும் இரண்டு.
ஒரு நாடே எழுந்து
ஒரு மணி நேரம் பின்னால் நகர்ந்து
உட்கார்ந்துகொண்டது.
மறுபடியும் வந்தது
இரண்டு முப்பத்தெட்டு.
ஒன்பதாம் தொட்டியை மூச்சடக்கிப் பார்த்தேன்.
ஒன்றுமில்லை.
விரிந்தது விரிந்தபடி.
புளிக்கு எதற்கு
இன்னொரு தடவை.

ஜமீலாவின் செய்தி வந்தது:
"உன் ஃபைல்ல ஒரு மணி நேரம் கூட வருது.
எல்லாமே ரெண்டு ரெண்டு வாட்டி.
அழிச்சிடவா?"
அழிக்காதே, அழிக்காதே, அழிக்காதே
என்று மூன்று தடவை அனுப்பினேன்.

காலையில் கெஸீனே
சைக்கிள் தலைக்கவசத்தைக் கழற்றாமலே சொன்னார்:
முதலாவதற்கு 2A, அடுத்ததற்கு 2B,
எங்கள் ஊரில் அப்படித்தான் எழுதுவோம்.
வருடா வருடம் இரட்டை மணியைப் பெற்று
பெயரும் வைத்திருக்கிறார்கள்.
என் குறிப்பேட்டில்
இரண்டு அ, இரண்டு ஆ என்று பிரித்தேன்,
ஆறாம் வகுப்பு அ பிரிவு,
ஆறாம் வகுப்பு ஆ பிரிவு போல.
அ பிரிவில்தான் எல்லாரும் எழுந்தார்கள்.

ஜமீலா,
நேற்றுவரை நமக்குள் மூன்றரை மணி,
இனி மார்ச் வரைக்கும் நாலரை.
திங்கள் கூட்டத்தில்
ஒருத்தர் சீக்கிரம் வந்து காத்திருப்பார்,
ஒருத்தர் மன்னிப்புக் கேட்பார்.
அந்த அரை மட்டும்
எந்தப் பக்கமும் சாயாமல் அப்படியே இருக்கும்.

வருகைப் படிவத்தில் எட்டு மணி என்று போட்டேன்.
கெஸீனே அடித்துவிட்டு ஒன்பது என்றார்.
உழைத்த மணிக்குக் கணக்கு வேண்டுமாம்.
அந்த ஒன்பதாவது மணியில்
என்ன செய்தாய் என்று
படிவம் கேட்கவில்லை.
கேட்டிருந்தால் எழுதியிருப்பேன்:
நடக்காத ஒன்றைக்
கண் கொட்டாமல்
பார்த்துக்கொண்டிருந்தேன்.