இருநூறு சொற்களுக்குள்

"இருநூறு சொல். அதற்கு மேல் போனால்
மீன் விலைப் பட்டியல் நகராது" என்றார் ஆசிரியர்.

ஆம்புரோஸ் திரிங். லோஸ்டாஃப்ட் துறைமுகம்.
நீதிமன்றச் செய்தி, முப்பத்தொரு வருடம்.
நாவல்கள் ஒன்பது, மனைவி ஹெஸ்டருடன்.

இந்த 'உடன்' வந்ததும் பேனா இடறுகிறது.
இலக்கணம் இதை வேற்றுமை என்கிறது, மூன்றாவது.
அந்த வீட்டிலோ வேற்றுமை மூன்றோடு நின்றதில்லை.
அவன் மழையை எழுதுவான், அவள் கொலையை.
ஒரு காற்புள்ளிக்காக ஒரு வாரம் பேசவில்லை;
உப்புச் சாடியை நகர்த்து என்பதைக்கூட
தட்டச்சு செய்து தட்டின் அருகே வைத்தார்கள்.
அந்தச் சீட்டை நான் பார்த்திருக்கிறேன்.
ஓர் எழுத்து மட்டும் எப்போதும்
படி தவறியதுபோல் கீழே விழும் இயந்திரம்.
யார் அடித்தாலும் அப்படித்தான் விழும்.

பகலில் அவன் கொண்டுவந்தவை:
விளக்கில்லாத சைக்கிளுக்கு அபராதம் பத்து ஷில்லிங்,
தம்பியின் வலையை அறுத்த அண்ணன்,
சாட்சிக் கூண்டில் கையுறையைக் கழற்றாத ஒரு பெண்.
"ஏன் கழற்றவில்லை?" என்பாள் ஹெஸ்டர், இரவில்.
அவனுக்குத் தெரியாது. செய்திக்கு அது தேவைப்படவில்லை.
அங்கிருந்துதான் நான்காவது நாவல்.

அதில் ஒரு வரி, ஊரே சொல்லிக்காட்டும் வரி:
'கதவைத் திறந்தவள் முதலில் மழையை மன்னித்தாள்.'
மதுக்கடையில் ஒருநாள் கேட்டேன்.
"அவளுடையது" என்று கோப்பையைக் கவிழ்த்தான்.
இன்று காலை அவளிடம் கேட்டேன்.
தேநீருக்கு மூன்று கோப்பை எடுத்தவள்
ஒன்றைத் திரும்பக் கொக்கியில் மாட்டினாள்.
"மழை என்றால் அவன்தானே."

இருபது வருடம்
உன் சாயல், உன் சாயல் என்றே
இருவரும் கொஞ்சிய பிள்ளை அது.

மேசையில் பத்தாவது நாவல். இயந்திரத்தில் தாள்.
நேற்றிரவு அவள் அடித்தது:
'பூட்டைப் பார்த்தான். விளக்கை அணைத்தான்.
படியேறவில்லை.'
யார் என்று பெயர் இல்லை.
தோன்றா எழுவாய்.
பிழை திருத்துபவன் நான், யார் என்று கேட்பதுதான் பிழைப்பு.
கேட்காமல் தொப்பியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அலுவலகத்தில் எண்ணினேன். இருநூற்றொன்று.
ஒன்றை வெட்ட வேண்டும்.
'உடன்' மேல் பென்சில் கொஞ்ச நேரம் நின்றது.
பிறகு மேலே போய்
முதல் வரியிலிருந்த 'மறைந்த' என்பதை அடித்தேன்.

ஆசிரியர் கவனிக்கவில்லை.
அன்று காட் மீன் விலை ஏறியிருந்தது.