படத்தில் எது இல்லை

எனக்கு ஒன்பது பள்ளிகள்.
காசிமேட்டில் இருப்பது புதன்கிழமைப் பள்ளி.
அறை வேண்டுமென்று கேட்டதற்கு
தலைமையாசிரியை சாவிக்கொத்தில் வெகுநேரம் தேடி
விளையாட்டுச் சாமான் அறையைத் திறந்துவிட்டார்.
கைப்பந்து வலை, காற்றுப்போன பந்துகள்,
போன தேர்தலின் வாக்குச்சாவடித் தட்டி,
நடுவில் நான்.
கதவில் யாரோ சாக்பீஸால் எழுதியிருந்தார்கள்:
மென்டல் மிஸ் ரூம்.
அழிக்கவில்லை.
வழி தெரியாமல் வருகிறவர்களுக்கு ஆகும்.

சர்வேஷ், ஏழாம் வகுப்பு, 'ஆ' பிரிவு.
கொண்டுவந்த சீட்டில் பச்சை மையில் இரண்டு வரி.
வகுப்பில் வாயே திறப்பதில்லை.
திங்களன்று திறந்து
பக்கத்துப் பையனின் காதைக் கடித்தான்.

"இங்க பேசறது எதுவும் வெளிய போகாது"
என்று நான் சொல்லிக்கொண்டிருக்கும்போதே
பி.டி. சார் உள்ளே வந்து
"விசில் இங்க இருக்கா பாருங்க மேடம்" என்றார்.
சர்வேஷ்தான் எடுத்துக் கொடுத்தான்.
என் நாற்காலிக்கு அடியில் கிடந்தது.

அட்டைகளை அடுக்கினேன்.
படத்தில் எது இல்லை, சொல்லு.
கடிகாரத்தில் ஒரு முள். விரலால் காட்டினான்.
பூனைக்கு ஒரு பக்கம் மீசை. காட்டினான்.
மூன்றாவது அட்டை, படகு.
அப்போதுதான் குரல் வந்தது,
உப்புத்தாள் போட்டுத் தேய்த்த மாதிரி:
"இஞ்சின் இல்ல.
வலை இல்ல, ஐஸ் பொட்டி இல்ல.
நம்பர் எழுதல மிஸ்,
நம்பர் இல்லாத போட்ட புட்ச்சினு பூடுவாங்க.
ஆளே இல்ல. யாரு ஓட்றது?"

விடைக்குறிப்பில் ஒரே சொல்: துடுப்பு.
விதிப்படி பூஜ்யம்.
கட்டத்தின் மேல் பென்சிலை நிறுத்திக்கொண்டு
சும்மா இருந்தேன்.
வெளியே சத்துணவு வரிசையில் தட்டுகள் மோதிக்கொண்டன,
அவித்த முட்டை வாடை.
"போய்ச் சாப்ட்டு வா."
போகவில்லை.
என் நோட்டைத் தொட்டு, கிழிக்கட்டுமா என்று
கண்ணால் கேட்டான்.

குனிந்து, தோளால் மறைத்து வரைந்தான்.
ஒரே அறை. கேஸ் அடுப்பு. கொடியில் ஒரு சட்டை.
பரண்மேல் சூட்கேஸ்.
கதவு, கதவுக்கு வெளியே மூன்று ஜோடிச் செருப்பு.
தாளை என் பக்கமாகத் திருப்பி வைத்தான்.
"இதுல எது இல்ல மிஸ்?"

எம்.ஃபில். படித்தவள் நான்.
ஃபேன்? தலையாட்டினான், இல்லை.
ஜன்னல்? "எங்கூட்ல ஜன்னலே கெடையாது."
அப்பா?

கேட்டிருக்கக் கூடாது.
அவசரம், செவ்வாய்ப் பள்ளியின் அறிக்கை பாக்கி.
"எல்லாரும் அதான் கேக்குறாங்க"
என்றான். கோபம்கூட இல்லை,
என்னைப் பார்த்து ஒரு இரக்கம்.
மணி அடித்தது.
"நல்லா யோசிங்க. அடுத்த புதன் சொல்றேன்."

அடுத்த புதன் எனக்குப் பயிற்சி வகுப்பு,
குளிர்சாதன அரங்கு, கையெழுத்து, இரண்டு வேளைத் தேநீர்.
அதற்கடுத்த புதன் மழை விடுமுறை.
மூன்றாவது புதன் போனேன்.
"நாலு நாளா ஆப்சென்ட்" என்றார் வகுப்பாசிரியை,
"விடிகாலைல ஹார்பர்ல ஐஸ் ஒடைக்கறான்னு
ஒரு பையன் சொன்னான், நெசமா தெரியல."
படிவத்தில் 'தொடர் நடவடிக்கை' என்றொரு கட்டம்,
அரை அங்குலம்.

இன்று வியாழன்.
எண்ணூர் சாலையில் கன்டெய்னர் லாரிகள்
ஒன்றன்பின் ஒன்றாக, இஞ்சினை அணைத்துவிட்டு.
பையிலிருந்து தாளை எடுத்து விரிக்கிறேன்.
செருப்பு மூன்று ஜோடி வெளியே.
உள்ளே ஒருவரும் இல்லை.
இத்தனை நாள் இதைப் பார்த்தேன், பார்க்கவில்லை.

இதுதானா என்றும் தெரியாது.
இந்த அட்டைக்கு விடைக்குறிப்பு
அவனிடம் மட்டும்தான் இருக்கிறது.

வியாழக்கிழமைப் பள்ளி வடக்கே.
ஹார்பர் தெற்கே.
"ஏர்றியா இல்லியாம்மா?" என்கிறார்
ஷேர் ஆட்டோக்காரர், ஒரு காலை வெளியே தொங்கவிட்டபடி.