மீதி வந்த தாள்கள்

ரேசெக்னேக்குக் கிழக்கே
லாட்வியத் தண்டவாளம் மண்சாலையைக் கடக்கும் இடத்தில்
பகலில் கேட்டை இறக்குபவன் நான்.
இரவில் மிர்ட்சா.

சன்னலுக்கு வெளியே பிர்ச் மரங்கள்,
வெள்ளையாய், நெட்டுக்குத்தாய், ஒரே வரிசையில்.
நான் எண்ணியதில்லை.
அவள் எண்ணியிருக்கிறாள், அதுவும் மரமாக அல்ல,
இலக்கமாக:

11111111111111111

பதினேழு ஒன்றுகள்.
நூற்றுப் பதினோரு கோடிக் கோடி, மேலே கொஞ்சம் கொசுறு.
மூன்றுக்கு மசியாது. ஏழுக்கும் பதினொன்றுக்கும் மசியாது.
இதை உடைக்கும் பகா எண் ஒன்று இருந்தால்
அது முப்பத்துநான்கின் ஏதோ ஒரு மடங்குக்கு
அடுத்த வீட்டில்தான் குடியிருக்கும் என்பது விதி.
நூற்று மூன்று: மீதி ஐம்பத்தேழு.
நூற்று முப்பத்தேழு.
இருநூற்று முப்பத்தொன்பது.
முந்நூற்று ஏழு.
கதவு கதவாய்த் தட்டிக்கொண்டே போனாள்.
அவள் விடாக்கண்டி, அது கொடாக்கண்டன்.

காலையில் நான் வரும்போது
மேசைமேல் ஒரு கட்டுத் தாள்.
சரக்கு வண்டியின் பெட்டி எண்கள் என்றே நினைத்திருந்தேன்.
"மீதி வந்தவை, எரித்துக்கொள்" என்பாள்,
கோட்டை மாட்டியபடி.
நான்கு பனிக்காலம் அடுப்பு அதில்தான் பற்றியது.
எந்த மீதியானாலும் ஒரே சூடு.

மார்ச்சில் ஒரு நாள்
தீக்குச்சியை உரசிய பிறகு பார்த்தேன்,
தாளின் அடியில் ஒரு சுழி.
அடிக்கோடு இல்லை. ஆச்சரியக்குறி இல்லை.
விரல் சுட்டது, குச்சியைப் போட்டேன்.

2071723 × 5363222357

பெருக்கத் தெரியும் எனக்கு, அவ்வளவுதான் தெரியும்.
வலக்கோடியில் ஓர் ஒன்று விழுந்தது.
அதன் பக்கத்தில் இன்னொன்று.
பதினான்காவது ஒன்றில் மர வண்டி கூவியது,
கேட் திறந்தே கிடந்தது,
பால் வண்டிக் குதிரை மயிரிழையில் பின்வாங்கியது.
மூன்று ரூபிள் அபராதம்.
பதினேழாவது ஒன்றை
மேலதிகாரி திட்டிக்கொண்டிருக்கும்போது எழுதினேன்.

மாலையில் நீட்டினேன். வாங்கவில்லை.
"நாலு தடவை போட்டுப் பார்த்தேன், சரிதான்."
பிறகு ஏன் எரிக்கிற கட்டில் வைத்தாய்?
"முடிந்துபோனதை வேறெங்கே வைப்பது?"

அதன்பின் அவள் இரவுகளில் பின்னினாள்.
ஒற்றைக் கையுறை, மோசமான பின்னல்.
காலையில் அடுப்பு மூட்ட நான் பட்டபாடு!

இலையுதிர் காலத்தில்
பனியை மறிக்க வேண்டுமென்று
பாதைக் கங்காணி டொனாட்ஸ் வரிசையின் கடைசியில் கன்று நட்டான்.
ஒன்று நட்டிருந்தால் பதினெட்டு,
மூன்றே போதும், மூச்சு விடுமுன் வகுபட்டிருக்கும்.
ஒன்றை வெட்டியிருந்தால் பதினாறு,
பதினொன்று அதைப் பிளந்திருக்கும்.
அவன் இரண்டு நட்டான்.

நேற்று மேசைமேல் ஒரு தாள்:
நூற்றுத் தொண்ணூற்றொன்று. மீதி எண்பத்துநான்கு.

பத்தொன்பது ஒன்றுகளை எதுவும் உடைக்காது,
எப்போதோ நிரூபித்தாகிவிட்டது என்கிறார்
ரேசெக்னே கணக்கு வாத்தியார்.
மிர்ட்சாவிடம் நான் சொல்லவில்லை.
குளிர் இனிமேல்தான்.
அடுப்புக்குத் தாள் வேண்டும்.