கடிக்காத வாடிக்கையாளர்கள்

என் வாடிக்கையாளர் எவரும் இதுவரை
பலகையைக் கடித்துப் பார்த்ததில்லை.
வோரு ஊருக்கு வெளியே, ரயில் நிற்பதை விட்டுவிட்ட
நிலையத்துக்குப் பின்னால் என் கொட்டகை.
இருபத்திரண்டு வருடமாகச் சவப்பெட்டி.
பைன் பலகை, ஆறு கைப்பிடி,
பளபளப்பு மூன்று நாள் நின்றால் போதும்,
நான்காம் நாள் மண் பார்த்துக்கொள்ளும்.
சின்ன அளவுகளும் செய்வேன்.
அவற்றைப் பற்றி இப்போது வேண்டாம்.

மரெத்துக்கு ஏழு மாதம். கீழே இரண்டு பல்.
நாற்பத்தெட்டு வயதில் அப்பா ஆனவன்
எதையும் இருமுறை அளப்பான்.
ஆல்டர் துண்டில் அவளுக்கு ஒரு கடல்நாய் செதுக்கினேன்:
காது இல்லை, கால் இல்லை,
ஒடிந்து தொண்டையில் சிக்க ஒன்றுமே இல்லை.
கண்ணுக்கு மணி பதிக்காமல்
பழுக்கக் காய்ச்சிய ஆணியால் இரண்டு புள்ளி.
தேய்த்துத் தேய்த்து
கூழாங்கல் வெட்கப்படும் வழவழப்பு.
அதற்குப் பிறகுதான்
வார்னிஷ் டப்பாவை நோக்கிப் போன கை
அந்தரத்தில் நின்றது.

என் அலமாரியில் இருப்பதெல்லாம்
மூச்சுவிடாதவர்களுக்கானவை.

கடையில் ரைவோ எடுத்து நீட்டினான்:
'கொதித்த ஆளிவிதை எண்ணெய். இயற்கை.'
அது அடுப்பையே பார்த்ததில்லை.
சீக்கிரம் உலரக் கோபால்ட்டும் மாங்கனீசும் கலந்ததை
எறும்பு எழுத்தில் எஸ்டோனிய மொழியில் ஒரு வரி சொன்னது,
எனக்குத் தெரியாத லிதுவேனிய மொழியில் மூன்று வரி.
அக்ரூட் எண்ணெய் மணக்கத்தான் செய்தது.
ஆனால் இம்பியின் அக்காள் மகன்
ஒரு துண்டு கேக்கில் முகம் வீங்கி
ஆம்புலன்சில் போனவன்.
அரக்கு நல்லதாம்.
வெயில் நாட்டுக் கிளைகளில் பூச்சி கசிந்தது,
மாத்திரைக்கும் மிட்டாய்க்கும் மேலே பூசுவதாம்.
எச்சிலில் ஊறினால் வெளுக்குமே என்றேன்.
எனக்குப் பின்னால் வரிசையில் நின்றவர் இருமினார்.
'குழந்தைகளுக்குப் பாதுகாப்பானது' என்று
வாத்துப் படம் போட்ட ஒரு டப்பா.
எந்த ஆய்வகம், எந்தச் சோதனை என்று கேட்டேன்.
ரைவோ வாத்தைக் காட்டினான்.

கடைசியில் சமையல் மேசைமேல்
எதுவும் கலக்காத ஆளி எண்ணெய்,
பக்கத்துத் தோட்டத்துத் தேன்மெழுகு ஒரு கட்டி.
முதலில் நான் நக்கினேன். புல், கொஞ்சம் மீன்.
இம்பி நக்கினாள். 'வைக்கோல்' என்றாள்.
மெல்லிசாக ஒரு பூச்சு, துடை.
மூன்று நாள் கழித்து இன்னொன்று, துடை.
துணியைச் சுருட்டிப் போடவில்லை, வேலியில் விரித்தேன்.
எண்ணெய்த் துணி தன் சூட்டிலேயே தீப்பிடிக்கும்,
கொட்டகையின் கருகிய மூலை அதற்குச் சாட்சி.
பிறகு ஐந்து வாரம் ஜன்னலோரம்.
கடல்நாய் வெயில் காய்ந்து மஞ்சளானது.
மரெத்துக்கு மேலே ஒரு பல் முளைத்தது.

அந்தக் காத்திருப்பின் ஒரு மாலையில்தான் பார்த்தேன்.
மடியில் கிடந்தபடி
என் கட்டைவிரலைச் சவைத்துக்கொண்டிருக்கிறாள்.
எத்தனையாவது நாளோ.
நகத்தின் ஓரத்தில், ரேகையின் பள்ளங்களில்
தேன் நிறத்தில் காய்ந்திருந்தது
செவ்வாய்க்கிழமை மூடியின் வார்னிஷ்.
உலகத்து எண்ணெயையெல்லாம் விசாரித்தவன்
இந்த ஒரு கட்டையை மறந்திருந்தேன்.

சூரியகாந்தி எண்ணெய், மரத்தூள், சோப்பு,
மறுபடி மரத்தூள்.
தோல் சிவந்து எரிந்தது.
அழுதவளிடம் இம்பி ஒரு கரண்டியைக் கொடுத்தாள்.
மறுநாள் டாக்டர், 'நன்றாகத்தான் இருக்கிறாள்' என்றார்,
என் கையைப் பார்த்து, 'உமக்குத்தான் களிம்பு வேண்டும்.'

இப்போது கையுறை போட்டு வேலை செய்கிறேன்.
'பிணத்திடம் என்ன பயம்?' என்று
கூட்டாளி ஈரோ சிரிக்கிறான்.

கடல்நாயைக் கடைசியில் கையில் கொடுத்தோம்.
ஒரு கடி. வீசிவிட்டாள்.
எங்கள் நாய் அதைத் தூக்கிக்கொண்டு அடுப்புக்குப் பின்னால் போனது.

சாயங்காலம் கையுறையைக் கழற்றினால்
வெறும் தோல், பூச்சில்லாதது.
அவள் வாயைத் திறந்துகொண்டு வருகிறாள்.
நீட்டுவதற்கு முன்
ஒருமுறை நானே நக்கிப் பார்த்துக்கொள்கிறேன்.