உள்விளக்கு

மார்த்தாண்டத்தில் விடிய விடிய மழை.
மேம்பாலத்துக்கு அடியில் தேங்கிய தண்ணீரைத் தாண்டி
எட்டரைக்கு வந்து ஆய்வகத்தைத் திறந்தேன்.
பிச்சிப்பூ மணத்தது.

பெர்லின் ஷீபாவுக்குத் தோவாளை.
மாறாமலைக் கிராம்பை ஈதரில் ஊறவைத்து
எண்ணெய் பிரித்துக்கொண்டிருக்கிறாள், மூன்றாம் வருடமாக.
கல்யாண வீடு இருக்கிற நாள்களில்
பூவை ஈதர் பாட்டிலுக்குப் பக்கத்திலேயே வைப்பாள்,
விடுதியிலிருந்து எங்களிடம் தள்ளிவிட்ட
பழைய ஃபிரிட்ஜில்.
எத்தனை தடவை ஏசியிருக்கிறேன்.
இன்றைக்கும் ஏசத்தான் வாயெடுத்தேன்.

அவள் நேற்றே ஊருக்குப் போய்விட்டாள்.
பூ ஏது?

கரண்ட் இல்லை. ராத்திரி இரண்டு மணிக்கே போனது என்றார் வாட்ச்மேன்.
பழக்கத்தில் சுவிட்சுக்குப் போன கை
அந்தரத்தில் நின்றது,
தூங்குகிற நாயின் வாலை மிதிக்கப்போன கால் மாதிரி.

நான் படித்தது பத்தாம் வகுப்பு.
ஆனால் பதினாறு வருடம் இந்தப் பாட்டில்களைத் துடைத்தவள்.
ஈதரின் ஆவி மேலே ஏறிப் போகாது.
தரையோடு இழையும்,
மேசைக்கடியில், ஸ்டூல் கால்களுக்கு நடுவில்,
தண்ணீர் போகிற ஓட்டை வரை போய்ப் பார்த்துவிட்டு வரும்.
தீக்குச்சி வேண்டாம் அதற்கு.
கரண்ட் வந்ததும் ஃபிரிட்ஜின் முதுகுக்குக் கீழே
மோட்டர் கண் விழிக்கும்போது ஒரு "டக்".
போதும்.
கரண்ட் எப்போது வரும் என்று
குழித்துறை ஆபீசில் யாருக்கும் தெரியாது.

எங்கள் பக்கம் ரப்பர் ஷீட் உலர்த்தும் புகைப்புரைகள் உண்டு.
நெருப்பு எந்த மூலையில் கிடக்கிறது என்று
வீட்டில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.
நடுராத்திரி எழுந்து ஒரு தடவை அதன் முகத்தைப் பார்த்துவிட்டு
வந்து படுத்துக்கொள்வோம்.
இங்கே அதற்கு முகம் இல்லை.
இன்னும் வரவே இல்லை,
வரப்போகிறது.

செல்போனை வராந்தா ஜன்னலில் வைத்தேன்.
மூச்சைப் பிடித்துக்கொண்டு உள்ளே போய்
நான்கு ஜன்னலையும் பின்கதவையும் திறந்தேன்.
ஓடிவந்து வராந்தாக் கோடியில்
எங்கள் அறைக்குப் போகிற மெயினைக் கீழே இழுத்தேன்.

ஒன்பது பத்துக்குக் கரண்ட் வந்தது.
இயற்பியலில் ஃபேன் சுற்றியது.
ஆபீசில் பிரிண்டர் முனகியது.
எங்கள் அறை மட்டும் இருட்டில் நின்றது,
ஈரக்காற்று ஒரு கதவில் வந்து மறு கதவில் போக.

பத்தரைக்குப் பேராசிரியர் திறந்து பார்த்தபோது
பாட்டில் மூடியில் கீறல்.
கால் பாட்டில் ஈதரைக் காணவில்லை.
பதிவேட்டில் எழுதச் சொன்னார்.
"என்ன நடந்தது" என்ற கட்டத்தில்
ஒன்றும் நடக்கவில்லை என்று எழுதினேன்.
சரியாகப் படவில்லை.
அடித்துவிட்டு
மறுபடியும் அதையே எழுதினேன்.

மதியம் தாசையன் வந்தார், மழைக்கோட்டு சொட்டச் சொட்ட.
பெட்டியை வராந்தாவுக்குத் தள்ளி
உள்விளக்கைக் கழற்றினார். கதவு சுவிட்சைக் கழற்றினார்.
தெர்மோஸ்டாட்டை வெளியே இழுத்து உயரத்தில் பொருத்தினார்.
"உள்ளுக்க இனி ஒரு பொறி கிடையாது, பாத்துக்கிடுங்க.
ஆனா மோட்டர் வெளிய கெடக்கு.
புதுசு கேளுங்க. இதுக்குண்ணே செஞ்சது உண்டு."
கேட்டால் என்ன சொல்வார்கள் என்று இரண்டு பேருக்கும் தெரியும்.
கேட்டு எழுதினேன்.
அதுவரை ஈதர் அதில் கிடையாது, பூவும் கிடையாது.
நெல்லிக்காய் அளவு பல்பை என் கையில் வைத்துவிட்டுப் போனார்.
அதை என்ன செய்வது?
பைக்குள் போட்டேன்.

ராத்திரி வீட்டில்
மிச்சக் குழம்பை எடுத்துவைக்க ஃபிரிட்ஜைத் திறந்தேன்.
உள்ளே விளக்கு எரிந்தது.
சட்டியோடு அப்படியே நின்றேன்.
மோந்து பார்த்தேன்.
சாளை. புளி. வேறொன்றும் இல்லை.
"கதவை அடை விஜிலா,
குளிரெல்லாம் போகுது" என்றார் அவர்.