அது எந்திரிச்சா

ஒத்தக்கடையைத் தாண்டி எங்கள் பள்ளி.
ஆறாம் வகுப்பு 'ஆ' பிரிவுக்கு மூன்று ஜன்னல்.
ஒன்றுக்குக் கதவில்லை.
அதில்தான் யானைமலை இருக்கிறது.

நான் தற்காலிக ஆசிரியை.
ஜூனில் சேர்த்துக்கொண்டு ஏப்ரலில் விட்டுவிடுவார்கள்.
அன்று செவ்வாய், பரப்பளவு.
நீளம் பெருக்கல் அகலம் என்று சொல்லி
பலகையில் ஒரு செவ்வகம் போட்டுத் திரும்பினால்
முப்பத்தோரு பேரில் ஒருவன்
செவ்வகத்தைப் பார்க்கவில்லை.

சோணைமுத்து.
வருகைப் பதிவுக்கு "உள்ளேன்" சொல்வதோடு
அன்றைய பேச்சை முடித்துக்கொள்பவன்.
"அங்க என்னடா?"
எழுந்தான். டவுசரை ஏற்றிவிட்டுக்கொண்டான்.
"டீச்சர், அது எந்திரிச்சா
அடில என்ன இருக்கும்?"

சிரிப்பு. கடைசி பெஞ்சில் யாரோ பிளிறினார்கள்.
மேசையைத் தட்டினேன்.
தட்டிய கை என்னுடையதுதான்;
"உட்கார்" என்று சொல்ல வேண்டிய வாய்
ஏனோ தாமதித்தது.
அதற்குள் அஃப்ரின் சொல்லிவிட்டாள்:
"வெள்ளப் புல்லு டீச்சர்.
எங்க வீட்டுத் தொட்டிய நகத்துனப்ப இருந்துச்சு."

அப்புறம் அடங்கவில்லை.
தேள். மரவட்டை. போன தீபாவளிக்கு வெடிக்காத சரம்.
ஜோவிட்டாவின் அண்ணன் அடித்துத் தொலைத்த பந்து.
தண்ணி.
இல்லடா, மலைக்கு அடிலயும் மலதான்.
அப்ப அந்த மலைக்கு அடில?

வீரகிஷோருக்கு எதற்கும் ஒரு எண் வேண்டும்.
"எவ்ளோ எடம் காலியாகும்?" என்றான்.
தும்பிக்கையிலிருந்து வால் வரைக்கும்
பஸ் ஸ்டாப்புகளை எண்ணினார்கள்.
ஸ்டாப்புக்கு ஸ்டாப்பு எத்தனை எட்டு,
யாருடைய எட்டு,
மடக்கி வைத்திருக்கிற காலை எதில் சேர்ப்பது.
அஃப்ரின் எழுந்து வந்து
என் செவ்வகத்தின் மூலைகளை உள்ளங்கையால் அழித்து
முதுகை வளைத்தாள்.
"இப்ப நீளம் பெருக்கல் அகலம் வராதே" என்றாள் என்னிடம்,
ஏதோ நான் ஏமாற்றியதுபோல.
"சின்னச் சின்னக் கட்டமாப் போட்டு எண்ணலாம்ல?"
எந்த மூலையிலிருந்து வந்தது அந்தக் குரல், தெரியவில்லை.
அது அடுத்த பாடம்.
நான் அதைச் சொல்லவில்லை.

தலைமையாசிரியர் வாசலில் நின்று
ஒருமுறை இருமிவிட்டுப் போனார்.

மணி அடித்தது. முட்டை நாள்.
மலையாவது யானையாவது, அத்தனை பேரும் ஓட்டம்.
சோணைமுத்து மட்டும்
பையில் தட்டைத் தேடிக்கொண்டிருந்தான்.
"கேட்டது நீ. நீ ஒண்ணும் சொல்லலையேடா?"

"சூடு இருக்கும் டீச்சர்."
"சூடா?"
"மாடு எந்திரிச்சுப் போனதும்
அது படுத்த எடத்துல கைய வச்சா இருக்கும்ல, அது.
மார்கழில நான் அங்கனதான் உக்காருவேன்."
தட்டு கிடைத்துவிட்டது. ஓடிவிட்டான்.

பாடக்குறிப்பேட்டில்
'கற்றல் விளைவு' என்று ஒரு கட்டம் உண்டு.
நீளம் நான்கு விரல், அகலம் ஒரு விரல்.
'பரப்பளவு நடத்தப்பட்டது' என்று எழுதினேன்.
இடம் அவ்வளவுதான்.

சாயங்காலம் மாட்டுத்தாவணி பஸ்ஸில் நெரிசல்.
முன்னால் இருந்த அம்மாள் எழுந்து இறங்கினாள்.
பிறர் உட்கார்ந்த சூடு எனக்கு ஆகாது;
ஆறட்டும் என்று
கம்பியைப் பிடித்துக் கொஞ்சம் நிற்பது வழக்கம்.
இன்று உடனே உட்கார்ந்தேன்.

சீட்டின் மடிப்பில் ஒரு கொத்தமல்லித் தழை.
மடியில் கூடை வைத்திருந்திருப்பாள்.
எந்தச் சந்தையில் ஏறினாள்,
விற்றதா, விற்காமல் திரும்புகிறாளா,
நெடுநேரம் உட்கார்ந்திருந்தாளோ,
இவ்வளவு சூடு.

திரும்பிப் பார்த்தேன்.
பின்கண்ணாடியில்
அது இன்னும் படுத்துத்தான் இருந்தது.