அரைக்கால், கால், அரை

ஆகஸ்டின் கடைசித் திங்கட்கிழமை
இசைப்பள்ளிக் கிடங்கை நான் திறக்கிறேன்.
எனக்கு ஒரு ஸ்வரமும் வாசிக்கத் தெரியாது.
கணக்கு எழுதுகிறவள்.
குல்டீகா நகரசபை என்னை நம்பித் தந்தது
ஒரு சாவி, ஒரு பேரேடு,
நாற்பத்தொரு வயலின்.

கோடை முழுக்கப் பூட்டிக் கிடந்த அறையில்
பிசின் வாடையும் எலி வாடையும்.
ஜன்னலைத் தள்ளியதும்
வென்டா ஆற்றின் இரைச்சல்தான் முதல் மாணவனாக
உள்ளே வந்து உட்காருகிறது.

வயலின்களை நான் பின்னங்களாகவே அறிவேன்.
வீசம், ஒன்றரைச் சாண்.
அரைக்கால், கடையில் வாங்கும் கறுப்பு ரொட்டியைவிடச் சற்று நீளம்.
கால், அரை, முக்கால் என்று
சுவரோரம் சாத்தி வைத்தால்
ஒரே பிள்ளை நின்ற இடத்திலேயே
வளர்ந்துகொண்டு போவது மாதிரி இருக்கும்.
எல்லாவற்றையும் கூட்டினால்
எத்தனை முழு வயலின் தேறும் என்று
ஒரு மதியம் கூட்டிப் பார்த்தேன்.
பத்தொன்பதே முக்கால்.
சொல்லிச் சிரிக்க ஆளில்லை.

ஜூனில் வீடுகளுக்குப் போனவை
ஒவ்வொன்றாகத் திரும்புகின்றன.
ஒரு பெட்டியில் கடற்கரை மணல்.
வயலின் கடலைப் பார்த்திருக்கிறது;
கடல் வயலினைக் கேட்டதா, தெரியாது.
ஒன்றில் புகைபோட்ட மீனின் நெடி.
ஒன்றில் மயிரெல்லாம் உதிர்ந்து
வழுக்கையாகிவிட்ட வில்.

பயிற்சி ஏடுகளும் வந்திருக்கின்றன.
தினம் இருபது நிமிடம், பெற்றோர் கையொப்பத்துடன்.
எழுபது நாள் கையொப்பமும்
ஒரே மையில், ஒரே சாய்வில், ஒரே மூச்சில்.
கணக்குக்காரியிடமா இந்த வேலை?
ஓட்ரியாவின் அம்மா மட்டும் உள்ளதை எழுதியிருந்தாள்:
இன்று இல்லை.
இன்று இல்லை.
வைக்கோல் அறுப்பு.
இன்று மூன்று நிமிடம், பிறகு அழுகை,
யார் அழுதது என்று எழுத விருப்பமில்லை.

ரிகாவிலிருந்து தந்திகள் வந்துவிட்டன, விலை ஏறியிருக்கிறது.
மெல்லிய தந்தி மட்டும் இரட்டிப்பு;
அதுதான் எப்போதும் அறுகிறது.
புதன் நான்கு மணிக்கு யாரும் வர ஒப்பவில்லை.
அட்டவணையில் அந்தக் கட்டம்
விழுந்த பல்லின் இடம்போல.

வியாழக்கிழமை அளவெடுப்பு.
இடக்கையை நீட்டு, என்கிறாள் ஸ்கைட்ரிடே டீச்சர்.
வயலினின் சுருண்ட தலை
உள்ளங்கைக்குள் வந்து அமர வேண்டும்.
ரெய்னிஸ் இந்தக் கோடையில் எகிறிவிட்டான்.
சட்டைக் கை மணிக்கட்டுக்கு எட்டவில்லை.
அவனுடைய அரை வயலினில்
முதுகில் நாரை மாதிரி ஒரு கீறல்,
வழுக்குகிற ஒரு முறுக்காணி.
அதை எப்படி அழுத்தித் திருப்புவது என்று
அவனுக்கு மட்டும் தெரியும்.

கையை நீட்டினான்.
நீட்டும்போதே முழங்கையைக்
கொஞ்சம் மடக்கினான்.
மூச்சைப் பிடித்துக்கொண்டான்.
ஸ்கைட்ரிடே ஜன்னல் பக்கம் திரும்பி
மழை வருமோ என்றாள்.
நான் பேரேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
பிறகு அவள் சொன்னதை எழுதினேன்:
அரை. கிறிஸ்துமஸ் வரை.

சரி. ஆனால் அந்த அரை
டார்டாவுக்கு வர வேண்டியது.
இன்னும் நான்கு மாதம்
கால் வயலினுக்குள் தன்னை ஒடுக்கிக்கொண்டு
அவள் நிற்க வேண்டும்.
வரிசையில் கடைசியாக நிற்கிறாள்,
கையைத் தொங்கவிட்டு, மடக்காமல்.
இந்தப் பாக்கியை எந்தப் பத்தியில் எழுதுவது?

செப்டம்பர் ஒன்றாம் தேதி பிள்ளைகள் வருவார்கள்,
தங்களைவிட உயரமான கிளாடியோலஸ் பூக்களோடு.
வாளிகளைக் கழுவி வைத்தேன்.
பிறகு வென்ட்ஸ்பில்ஸ் பள்ளிக்கு போன் போட்டேன்.
இரவலாக ஒரு அரை கிடைக்குமா?
அந்தப் பக்கமும் கணக்கு எழுதுகிறவள்தான்.
ஏதோ புரட்டும் சத்தம்.
அரை இல்லையே, என்றாள்.
இரண்டு கால் தரட்டுமா?

நாங்கள் சிரித்து முடிக்கக் கொஞ்சம் நேரமாயிற்று.
மாடியில் பியானோ சரிசெய்ய வந்தவர்
ஒரே கட்டையைத் தட்டிக்கொண்டிருந்தார்,
இன்னும் சரியாகவில்லை.